நாற்பதைத் தாண்டிய வாடிக்கையாளரும் நமது ஜீன்ஸ் அலமாரியும்



ஆள் பாதி, ஆடை பாதி என்று சொல்லியே ஜவுளி விற்றவர்கள் நாம். அந்தப் பழமொழியில் வயது வரம்பு கிடையாது. ஆனால் நம் ஊர்க் கடைகளின் பெண்கள் ஜீன்ஸ் அலமாரியில் மட்டும் ஒரு வயது வரம்பு எழுதாமல் எழுதப்பட்டிருக்கிறது. 28, 30, 32 என்று மூன்று சைஸ் தொங்கும். அதற்கு மேல் கேட்டால், "அவ்வளவுதாங்க வருது" என்பது பதில். கேட்டவர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி என்றால், பதிலோடு ஒரு பார்வையும் சேர்ந்து வரும். அந்தப் பார்வைக்குப் பிறகு அவர் அந்தக் கடைக்கு ஜீன்ஸுக்கும் வரமாட்டார், சேலைக்கும் வரமாட்டார்.

ரெடிமேட் மொத்த வியாபாரத்தில் 40 வருடமாக இருப்பவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. இது நாகரிகம் பற்றிய கட்டுரை அல்ல, வியாபாரம் பற்றியது. கையில் காசோடு கடைக்குள் வரும் வாடிக்கையாளரைச் சரக்கு இல்லாமலும் மரியாதை இல்லாமலும் நாமே ஆன்லைன்காரரிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

யார் கேட்கிறார்கள்?

"நம்ம ஊரில் அந்த வயதில் யார் ஜீன்ஸ் போடுகிறார்கள்?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். சற்று நிதானித்துப் பார்த்தால் பதில் கடை வாசலிலேயே இருக்கிறது. ஸ்கூட்டரில் அலுவலகம் போகிறவர்கள், காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள், குடும்பத்தோடு ரயிலில் வடநாடு சுற்றுலா போகிறவர்கள். இவர்கள் நீளமான குர்தியின் கீழே ஜீன்ஸ் போடுகிறார்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது. மகளின் பிரசவத்துக்கு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகும் தாய்மார்கள். விசா கிடைத்தவுடன் அவர்கள் வாங்கும் பொருள்களில் ஊறுகாய், மசாலாப் பொடிக்கு அடுத்தபடி இரண்டு ஜீன்ஸ் இருக்கும். வாழ்க்கையில் முதன்முறையாக வாங்குவார்கள். எதைக் கேட்பது என்றே அவர்களுக்குத் தெரியாது. எடுத்துச் சொல்ல வேண்டியது கடைக்காரர்தான்.

"இது நம் பண்பாட்டுக்கு ஒத்துவருமா?" என்பது இன்னொரு கேள்வி. சுடிதார் வந்தபோதும் இதையே கேட்டோம், நைட்டி வந்தபோதும் கேட்டோம். இன்று அந்த இரண்டும் இல்லாமல் எந்த ஜவுளிக் கடையாவது நடக்கிறதா? என்ன உடுத்துவது என்பதை உடுத்துகிறவர் தீர்மானிப்பார். அது அவருக்கு எடுப்பாக இருக்கும்படி பார்த்துக் கொடுப்பது நம் வேலை. ஜீன்ஸ் வாங்கும் அதே அம்மாதான் தீபாவளிக்குப் பட்டும் வாங்குகிறார்.

ஆணுக்கு வெட்டிய துணி

ஜீன்ஸின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பெண்களுக்கு அது ஏன் சுலபமாகப் பொருந்துவதில்லை என்பது புரியும். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும், சான்பிரான்சிஸ்கோ ஜவுளி மொத்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873 மே 20இல் காப்புரிமை பெற்றார்கள். பாக்கெட் ஓரங்கள் கிழியாமல் இருக்கச் செப்புக் குமிழ் அடிப்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பு. உழைப்பாளிகள் போட்ட கால்சட்டை அது. பெண்களுக்கென்று அந்த நிறுவனம் தனியாக ஜீன்ஸ் கொண்டுவந்தது 1934இல்தான். ஆணின் உடம்பு இடுப்பிலிருந்து கீழே ஏறக்குறைய நேராக இறங்கும். அந்த வெட்டிலிருந்து தொடங்கியது பெண்ணின் உடம்புக்கு வந்தால் இடுப்பில் இடைவெளி விழும், தொடையில் பிடிக்கும்.

நம் நாட்டுக்கும் இந்தத் துணி அந்நியமல்ல. பம்பாய் டோங்ரி பகுதியின் முரட்டுத் துணியிலிருந்துதான் 'டங்கரி' என்ற ஆங்கிலச் சொல்லே வந்தது. இன்று குஜராத்தில் டெனிம் நெய்கிறார்கள், பெல்லாரியில் தைக்கிறார்கள். ஆகவே சரக்கு கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சரியான சரக்கைக் கேட்டு வாங்கத்தான் ஆள் வேண்டும்.

வயதும் அளவும்

நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி உடம்பு மாறுகிறது. ஹார்மோன் குறைவதால், அதுவரை தொடையிலும் பின்புறத்திலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது. எடை கூடாமலே இடுப்பளவு கூடும். பின்புறம் சற்றுத் தட்டையாகும். கால்கள் பழையபடி இருக்கும். எனவே இருபது வயதுப் பெண்ணின் ஜீன்ஸில் சைஸை மட்டும் கூட்டினால் சரியாக வராது. இடுப்புக்குப் பார்த்து எடுத்தால் தொடை தொளதொளக்கும். தொடைக்குப் பார்த்து எடுத்தால் பொத்தான் போட வராது. இது அவர் உடம்பின் குறை அல்ல, வெட்டின் குறை. விற்பனையாளர் இதை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், அவருடைய பேச்சே மாறிவிடும்.

இதில் வியாபாரம் பார்த்த ஒரு நிறுவனத்தின் கதை நமக்குப் பாடம். 2003இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஜார்ஜ் ரூட்ஸ் என்பவர், 'உங்கள் மகளின் ஜீன்ஸ் அல்ல' என்று பொருள்படும் பெயரிலேயே ஒரு ஜீன்ஸ் நிறுவனம் தொடங்கினார். தொப்புளுக்கு வெகு கீழே நிற்கும் லோ ரைஸ் ஜீன்ஸ் எங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அவரோ இடுப்பை உயர்த்தி, முன்பக்கத்துக்கு உள்ளே வயிற்றைப் பதமாகப் பிடித்துக்கொள்ளும் குறுக்குப் பட்டைகளை வைத்துத் தைத்தார். சந்தை கைவிட்டிருந்த தாய்மார்களைத் தேடிப்போய் விற்றார், அவர்களும் வாங்கினார்கள்.

எது எடுப்பாக இருக்கும்?

கடையில் விற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவை இவை.

முதலாவது ரைஸ். கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள உயரம் இது. முன்பக்கம் 10 அங்குலமோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் பட்டி தொப்புளை ஒட்டி உட்காரும், வயிறு உள்ளே அடங்கும். 8 அங்குலத்துக்குக் கீழே போனால் பட்டி வயிற்றை இரண்டாக வெட்டிக் காட்டும். உட்கார்ந்தால் பின்னால் இறங்கும். பின்பக்க ரைஸ் முன்பக்கத்தைவிட உயரமாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கால் வெட்டு. இந்த வயதினருக்கு ஸ்ட்ரெய்ட் எனப்படும் நேர்வெட்டுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். முழங்காலுக்குக் கீழே இலேசாக விரியும் பூட்கட் வெட்டும், பின்புறம் அகன்றவர்களுக்கு மேலும் கீழும் சமன் செய்து காட்டும். கணுக்கால் வரை ஒட்டும் ஸ்கின்னியை, நீளமான குர்தியோடு போடுவதாக இருந்தால் மட்டும் எடுத்துக் காட்டலாம்.

மூன்றாவது துணி. டெனிம் துணியின் கனத்தை ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 14 அவுன்ஸ் முரட்டு ரகம், நம் வெயிலுக்கு ஆகாது. 8 முதல் 10 அவுன்ஸ் வரை போதுமானது. உடம்பு திடீரென்று சூடேறி வேர்க்கும் வயது அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பருத்தியோடு 1 முதல் 3 சதவீதம் எலாஸ்டேன், அதாவது லைக்ரா வகை நூல் கலந்திருந்தால் உட்கார எழ வசதி. ஆனால் இழுபடுவது மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும். துணியை அகலவாக்கில் இரண்டு கையாலும் இழுத்து விட்டுப் பாருங்கள். உடனே பழைய நிலைக்கு வந்தால் நல்ல துணி. அலைஅலையாக நின்றுவிட்டால் ஒரு மாதத்தில் முழங்கால் பை போலத் தொங்கும். கொள்முதல் செய்யும்போது இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதித் தேக்கம் குறையும்.

நான்காவது நிறம். ஒரே சீரான கருநீலமோ கருப்போ எவருக்கும் எடுப்பு. தொடையில் வெளுப்பும், கவட்டுப் பக்கத்திலிருந்து பூனை மீசை போல் கோடுகளும் போட்ட சரக்கு, பார்க்கிறவர் கண்ணை நேராக அந்த இடத்துக்கே இழுத்துச் செல்லும்.

ஐந்தாவது பின்பாக்கெட். பாக்கெட் மிகச் சிறியதாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருந்தால் பின்புறம் அகன்று தெரியும். மிகவும் கீழே இறங்கியிருந்தால் உடம்பே இறங்கியதாகத் தெரியும். நடுத்தர அளவில், நடுவை ஒட்டி, சற்று மேலே அமைந்திருப்பது நல்லது. பாக்கெட்டுக்கு மேலே உள்ள யோக் துண்டு ஆங்கில 'வி' எழுத்துப் போல நடுவில் இறங்கினால் தட்டையான பின்புறத்துக்கும் ஒரு வடிவம் கிடைக்கும்.

ஆறாவது நீளம். ஐந்தடி சொச்சம் உயரமுள்ளவருக்கு 30, 32 அங்குலக் கால் நீளம் தரையைப் பெருக்கும். வெட்டித் தைத்துத்தான் தரவேண்டும். அப்படி வெட்டும்போது பூட்கட்டின் விரிவு போய்விடும். கீழே குறுகும் வெட்டானால் வாய் அகன்றுவிடும். நேர்வெட்டில் மட்டும்தான் வடிவம் கெடாது. நேர்வெட்டை அதிகம் வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டேப்பும் தையற்காரரும்

லேபிளில் உள்ள எண்ணை மட்டும் நம்பி ஜீன்ஸ் விற்க முடியாது. ஒரு தயாரிப்பாளரின் 34 இன்னொருவரின் 36ஆக இருக்கும். பட்டியை மேஜைமேல் நேராக விரித்து டேப் வைத்து அளந்து, இரண்டால் பெருக்கினால் உண்மை அளவு தெரிந்துவிடும். புதுச் சரக்கு வந்தவுடன் ஒவ்வொரு சைஸிலும் ஒன்றை இப்படி அளந்து ஒரு அட்டையில் எழுதிக் கவுன்ட்டரில் வைத்துக்கொண்டால், விற்கும் பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள். திறந்த நிலையில் விற்கும் ரெடிமேடுக்குச் சைஸ் குறியீட்டோடு சென்டிமீட்டர் அளவும் போடவேண்டும் என்று 2022இல் திருத்திய பொட்டலப் பொருள் விதியும் சொல்கிறது. சென்டிமீட்டர் போடாமல் வரும் சரக்கை வாங்காதீர்கள்.

நம் நாட்டு உடம்புக்கென்று பொதுவான அளவுப் பட்டியல் இல்லாமல் அமெரிக்க, ஆங்கிலேயப் பட்டியலை வைத்தே வெகுகாலம் ஓட்டியிருக்கிறோம். நிஃப்ட் நிறுவனம் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளக்கும் 'இண்டியாசைஸ்' திட்டத்தை 2018இல் அறிவித்தது. 65 வயது வரை என்பதைக் கவனியுங்கள். அரசாங்கத்துக்குத் தெரிந்த வாடிக்கையாளர் நம் அலமாரிக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது.

ஆல்டரேஷனுக்கு ஒரு விதி உண்டு. ஜீன்ஸின் இடுப்பு அகலமாக இருந்தால் தையற்காரர் பின்பக்கத்தில் ஒன்று, ஒன்றரை அங்குலம் பிடித்துக் கொடுத்துவிடுவார். கால் தொளதொளப்பையும் ஓரத்தில் பிடிக்கலாம். ஆனால் இறுக்கமாக இருப்பதைப் பிரித்து விட முடியாது. டெனிம் தையல் மடித்து அடித்தது, உள்ளே மிச்சத் துணி இருக்காது. ஆகவே வயிறு, தையற்காரர் சொல்லும் 'சீட்' ஆகிய இரண்டில் எது பெரிதோ அதற்குப் பொருந்துவதை எடுத்துக் கொடுத்து, மீதியைப் பிடித்துக் கொடுப்பதே முறை. கடையோடு ஒரு நல்ல தையற்காரரைச் சேர்த்துக்கொண்டு, ஆல்டரேஷனை இலவசமாகவே செய்து கொடுங்கள். ஆன்லைன்காரர் எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்வார்; ஆனால் டேப் பிடித்து அளந்து, அரை மணி நேரத்தில் பிடித்துக் கொடுக்க அவரால் முடியாது.

டிரையல் ரூம்

ஜீன்ஸ் விற்பனை முடிவது கவுன்ட்டரில் அல்ல, டிரையல் ரூமில். நம்மில் பலர் கடையில் அதைப் பழைய அட்டைப்பெட்டி போடும் இடமாக வைத்திருக்கிறோம். அங்கே உள்தாழ்ப்பாள், நல்ல வெளிச்சம், முன்னும் பின்னும் தெரிய இரண்டு கண்ணாடி, ஒரு நாற்காலி வேண்டும். விற்பனைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டம் திருத்தியது. அதற்கு நாற்காலி வாங்கும்போதே ஒன்றை இங்கும் போடுங்கள். நின்று பார்த்து வாங்கிய ஜீன்ஸ் உட்கார்ந்தவுடன் வயிற்றை அழுத்தும். உட்கார்ந்து பார்த்து, பட்டிக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த அறையைப் பெண் பணியாளர் ஒருவர் தினமும் சோதிப்பதும் அவசியம். ஒளிந்து படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். அப்படி ஒன்று நடந்தால், அதற்குப் பிறகு எந்தத் தள்ளுபடி போட்டாலும் அந்தக் கடைக்குப் பெண்கள் வரமாட்டார்கள்.

அடுத்தது பேச்சு. "ஆன்ட்டி, உங்க சைஸ் இங்கே வராது" என்று பத்துப் பேர் காதில் விழச் சொல்வது, வந்த லட்சுமியை வாசலில் நிறுத்திக் கதவடைப்பது போல. "அக்கா, இதில் அடுத்த அளவு எடுத்து வரட்டுமா?" என்றால் விஷயம் முடிந்தது. 'உங்க வயசுக்கு' என்ற சொல்லே கடையில் கேட்கக் கூடாது. அதற்காக, பொருந்தாததைப் போட்டவரிடம் "சூப்பரா இருக்குதுக்கா" என்று அடித்து விடுவதும் கூடாது. வீட்டுக்குப் போனால் அங்கேயும் கண்ணாடி இருக்கிறது. வாயால் புகழ்ந்தால் ஒரு ஜீன்ஸ் விற்கும். உடம்புக்குப் பொருந்தக் கொடுத்தால் ஒரு குடும்பமே வரும்.

குளிர்நாடு போகிறவர்களிடம் உள்ளே தெர்மல் போட இடம் இருக்கும்படி ஒரு சைஸ் கூட்டி எடுக்கச் சொல்லுங்கள். டெனிம் நனைந்தால் சீக்கிரம் காயாது என்பதையும் சொல்லிவிடுங்கள். சாயம் நூலின் மேற்பரப்பில்தான் பிடித்திருக்கும் என்பதால், கருநீல ஜீன்ஸை முதல் சில தடவை உள்பக்கம் வெளியே திருப்பித் தனியாகத் துவைக்க வேண்டும், வெள்ளைக் குர்தியோடு போடக் கூடாது. இத்தனையும் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம்தான் நம் கடைக்கும் செல்போன் திரைக்கும் உள்ள வித்தியாசம்.

சரக்கு எவ்வளவு போடுவது?

தேக்கம் என்ற பயம் நியாயமானது. சைஸ் கூடினால் முதல் முடங்கும். ஆகவே சிறிய கடைக்கு இரண்டு டஜன் போதும் என்பது என் கணக்கு. நேர்வெட்டு கருநீலத்தில் 32இல் 2, 34இல் 3, 36இல் 3, 38இல் 2, 40இல் 2 என 12. நேர்வெட்டு கருப்பில் 34, 36, 38 தலா 2 என 6. இலேசான பூட்கட் கருநீலத்தில் அதே மூன்று சைஸில் 6. ஆக 24. சராசரிக் கொள்முதல் 800 ரூபாய் என்று வைத்தால் முதலீடு 19,200 ரூபாய். பேஷன் மாறி வீணாகும் சரக்கும் அல்ல இது. கருநீல நேர்வெட்டு அடுத்த வருடமும் விற்கும்.

வரியும் இப்போது சாதகமாக இருக்கிறது. முன்பு 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம் என்றாகிவிட்டது. நல்ல துணியில் தைத்த பெண்கள் ஜீன்ஸ் பெரும்பாலும் இந்த விலைக்குள்தான் வரும். 2,500க்கு மேலே போனால் 18 சதவீதம் என்பதால், அந்த எல்லையைத் தாண்டாத சரக்காகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

ஒரு தடை மட்டும் மொத்த வியாபாரிகளான எங்கள் பக்கம் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். செட் கட்டு. 28, 30, 32, 34, 36 என்று சமமாகக் கட்டி வரும் செட்டைத்தான் வாங்க வேண்டும் என்றால், 36 கேட்கும் வாடிக்கையாளருக்காக யாரும் நான்கு சிறிய சைஸைச் சுமக்க மாட்டார்கள். பெரிய சைஸ்களுக்கென்று 34 முதல் 40 வரை தனிச் செட் கட்டச் சொல்லித் தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டும். தனிக்கடை கேட்டால் நடக்காது, ஆனால் சங்கமாகக் கேட்டால் கட்டாயம் நடக்கும். மொத்த வியாபாரிகளும் இந்தச் சைஸ்களில் செட்டை உடைத்துக் கொடுக்க முன்வர வேண்டும்.

அதற்கு ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு கடையிலும் ஒரு 'இல்லை நோட்டு' வையுங்கள். வாடிக்கையாளர் கேட்டு நம்மிடம் இல்லாமல் போன சைஸையும் வெட்டையும் அன்றன்றைக்கே அதில் குறியுங்கள். மூன்று மாதக் குறிப்புகளைச் சங்க அலுவலகத்தில் சேர்த்தால், எந்தச் சைஸுக்கு எவ்வளவு தேவை என்பது நம் ஊர்க் கணக்காகவே கிடைத்துவிடும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

'சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா' என்று கேட்பார்கள். இந்த வியாபாரத்தில் சரக்கே இல்லாமல் முறுக்கு மட்டும் இருக்கிறது. முறுக்கை இறக்கி வைத்துவிட்டுச் சரக்கை ஏற்றி வைப்போம்.